மூடுபாலத்தின் கூரை யாருக்காக?

அமெரிக்காவின் வெர்மான்ட், பென்சில்வேனியா மாநிலங்களின் இலையுதிர்காலப் படங்களில் ஒரு மரப்பாலம் அடிக்கடி தென்படும். இரண்டு பக்கமும் பலகைச் சுவர், மேலே இருபுறமும் சரியும் கூரை, இரு முனையிலும் வண்டி நுழைகிற அளவுக்கு வாசல். நீளமான நெல் குடோன் ஒன்றைத் தூக்கி ஆற்றின் குறுக்கே வைத்தாற்போல இருக்கும். இப்படிக் கூரையும் சுவரும் உள்ள மரப்பாலத்தை மூடுபாலம் என்போம்.

படத்தைப் பகிர்கிறவர்கள் கூடவே ஒரு காரணமும் சொல்வார்கள். பாலத்தில் பனி குவியாமல் இருக்கக் கூரை போட்டார்கள் என்பார் ஒருவர். ஆற்றைப் பார்த்துக் குதிரை மிரளாமல் இருக்க என்பார் இன்னொருவர். மழைக்கு ஒதுங்க, காதலர்கள் மறைவாக நிற்க என்று பட்டியல் நீளும். இவற்றில் சில பின்னால் கிடைத்த வசதிகள். கூரை போட்டதற்கான காரணம் இவற்றில் ஒன்றுகூட இல்லை. பாலத்தைக் கடக்கும் மனிதரும் மாடும் நனைந்தால் வீட்டுக்குப் போய்க் காய்ந்துவிடலாம். பாலத்தின் மரம் நனைந்தால் அதற்குப் போக்கிடம் இல்லை. கூரை அந்த மரத்துக்காகப் போடப்பட்டது.

## தேரும் கொட்டகையும்

நம்மூர்க் கோயில் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டில் ஓரிரு நாள்தான் ஓடும். மற்ற நாளெல்லாம் தகரக் கொட்டகைக்குள் நிற்கும். அந்தக் கொட்டகை தேரைச் சுமப்பதில்லை, இழுப்பதும் இல்லை. தச்சர்கள் மாதக்கணக்கில் செதுக்கிக் கோத்த மரவேலை வெயிலிலும் மழையிலும் கெடாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. தகரம் துருப்பிடித்தால் ஒரு வாரத்தில் மாற்றிவிடலாம். தேர்க்கால் இற்றுப்போனால் ஊரே கூடி நிதி திரட்ட வேண்டிவரும்.

மூடுபாலத்திலும் இதே கணக்குதான். அங்கே தேர் என்பது பாலத்தின் இரு பக்கமும் நிற்கிற பெரிய மரச் சட்டகம். வெளியிலிருந்து பார்த்தால் பலகைச் சுவர்தான் தெரியும். உள்ளே போனால்தான் சட்டகம் கண்ணில் படும். பாலத்தின் எடை, வண்டியின் எடை எல்லாவற்றையும் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதுதான். கூரையும் சுவர்ப்பலகையும் கொட்டகை.

இதற்குக் கண்கண்ட சான்று ஒன்று உண்டு. கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் செயின்ட் ஜான் ஆற்றின் மேல் ஹார்ட்லாண்ட் பாலம் இருக்கிறது. நீளம் சுமார் 391 மீட்டர். இன்று உலகிலேயே மிக நீளமான மூடுபாலம் இதுதான். 1901-ல் இது திறக்கப்பட்டபோது கூரையே கிடையாது. 1920-ல் ஆற்றில் வந்த பனிக்கட்டிகள் பாலத்தின் இரண்டு பகுதிகளை அடித்துக்கொண்டு போயின. சீரமைத்த கையோடு 1921, 22-ல் தான் கூரை போட்டார்கள். கூரை இல்லாமலே அந்தப் பாலம் சுமார் இருபது ஆண்டுகள் வண்டிகளைச் சுமந்திருக்கிறது. பாலம் நிற்பதற்குக் கூரை தேவைப்படவில்லை, நிலைத்திருப்பதற்குத்தான் தேவைப்பட்டது.

## மரம் எப்படி இற்றுப்போகிறது

'தண்ணீர் பட்டால் மரம் கெடும்' என்பது பாதிதான் சரி. கிணற்றின் அடியில் போட்ட நெல்லிக்கட்டை எப்போதும் தண்ணீருக்குள்தான் கிடக்கிறது, ஆண்டுக்கணக்கில் கெடுவதில்லை. வீட்டுக்குள் இருக்கிற உத்திரம் தண்ணீரே படாமல் தலைமுறைகளுக்கு நிற்கிறது. அதே மரத்தில் வெட்டிய வேலிக்கம்பமோ தரைமட்டத்தில், மண்ணும் காற்றும் சந்திக்கிற அந்த ஒரு சாண் உயரத்தில், சில ஆண்டுகளிலேயே இற்று ஒடிந்துவிடுகிறது.

மரத்தை இற்றுப்போகச் செய்வது பூஞ்சை. அதற்கு நான்கு வேண்டும்: உணவாக மரம், ஓரளவு வெதுவெதுப்பு, காற்று, ஈரம். கிணற்றின் அடியில், தண்ணீருக்குள் காற்று இல்லை. வீட்டு உத்திரத்தில் ஈரம் இல்லை. வேலிக்கம்பத்தின் அடியில் நான்கும் இருக்கின்றன. மரத்தின் ஈரம் அதன் உலர் எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சையால் வேலை செய்ய முடியாது. சுமார் 30 சதவீதத்தை எட்டி அப்படியே நீடித்தால் அது கொண்டாட்டமாகப் பரவும். கூரைக்குக் கீழே காற்றோட்டத்தில் இருக்கிற மரம் 20-க்குக் கீழேயே நிற்கும்.

பாலத்தில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். மழை ஒரு மரத்தூணின் பக்கவாட்டில் பட்டால் பெரும்பகுதி வழிந்துவிடும். வெட்டுமுகத்தில் பட்டால் கதை வேறு. மரத்தின் இழைகள் நுண்ணிய குழாய்கள். வெட்டுமுகம் அந்தக் குழாய்களின் வாய். தண்ணீரை உள்ளே பல அங்குலம் உறிஞ்சிக்கொள்ளும். மரச் சட்டகத்தில் வெட்டுமுகங்கள் இருப்பது இணைப்புகளில். ஒரு மரத்தின் முனையை இன்னொன்றில் துளைபோட்டுச் சொருகியிருக்கிற இடத்தில் மழைநீர் இறங்கினால் வெயில் எட்டிக் காயவைக்க வழியில்லை. வெளியே மரம் திடமாகத் தெரியும், உள்ளே சொருகிய முனை மக்கிக்கொண்டிருக்கும். அதிகச் சுமை தாங்குகிற இடமும் அந்த இணைப்புதான். அதனால்தான் திறந்த மரப்பாலத்துக்கு 10, 15 ஆண்டு ஆயுள் என்பது 1800-களில் சாதாரணக் கணக்காக இருந்தது.

சுவர்ப்பலகையை இறுக்கமாக அடைத்துவிடக் கூடாது என்பதும் இதில் அடக்கம். ஆற்றிலிருந்து மூடுபனி எழும்பும், வண்டிச் சக்கரம் ஈரத்தை உள்ளே கொண்டுவரும். அது காய்ந்தாக வேண்டும். அதற்காகவே பல பாலங்களில் கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு நீள இடைவெளி விட்டிருப்பார்கள். உள்ளே வெளிச்சம் வருவதும் அந்த வழியாகத்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பாலத்தைச் சுமப்பது பக்கச் சட்டகம். அதை அழிப்பது இணைப்புகளில் தங்கும் ஈரம். அந்த ஈரத்தைத் தடுப்பது கூரையும் பலகையும். இனி அந்தச் சட்டகத்தைப் பார்ப்போம்.

## முக்கோணம் செய்கிற வேலை

ஓடையின் குறுக்கே ஒரு மரத்தை வெட்டிப்போட்டால் அதுவும் பாலம்தான். ஆனால் நீளம் கூடக்கூடத் தொய்யும். நீளம் இரண்டு மடங்கானால் நடுவில் வைத்த அதே சுமைக்குத் தொய்வு எட்டு மடங்கு. 60, 70 அடி அகலமுள்ள ஆற்றுக்கு வெறும் உத்திரம் உதவாது.

நான்கு மூங்கில் கம்புகளை முனைகளில் கட்டிச் சதுரமாக்குங்கள். ஒரு மூலையைத் தள்ளினால் சதுரம் அப்படியே சாய்ந்துவிடும். குறுக்கே மூலைக்கு மூலை இன்னொரு கம்பு கட்டுங்கள். இப்போது அசையாது. சதுரம் இரண்டு முக்கோணமாகிவிட்டது. ஏதாவது ஒரு கம்பு ஒடியாமலோ நீளம் மாறாமலோ முக்கோணம் உருமாற முடியாது. பந்தல் போடுகிறவர்களும் சாரம் கட்டுகிறவர்களும் குறுக்குக் கம்பு கட்டாமல் விடமாட்டார்கள், காரணம் இதுதான். இப்படி முக்கோணங்களை அடுக்கிச் செய்யும் சட்டகத்துக்கு ட்ரஸ் என்று பெயர்.

ட்ரஸ்ஸில் ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டில் ஒரு வேலை உண்டு. சிலவற்றை இரு முனையிலிருந்தும் நெருக்குவார்கள். அது அமுக்கவிசை. சிலவற்றை இரு முனையிலிருந்தும் இழுப்பார்கள். அது இழுவிசை. கயிற்றால் இழுவிசையை மட்டும்தான் தாங்க முடியும். செங்கல்லுக்கு அமுக்கவிசைதான் ஒத்துவரும். மரம் இரண்டையும் தாங்கும். பாலம் கட்ட மரத்தைத் தேர்ந்தவர்களுக்கு இது பெரிய வசதி.

மிக எளிய ட்ரஸ் 'கிங் போஸ்ட்' எனப்படுவது. பழைய ஓட்டுக்கூரைப் பள்ளிக் கட்டடங்களிலும் ரயில்வே குடோன்களிலும் அண்ணாந்து பார்த்தால் இது தெரியும்: கீழே கிடையாக ஒரு மரம், அதன் இரு முனைகளிலிருந்தும் எழுந்து நடுவில் சந்திக்கிற இரண்டு சாய்மரங்கள், சந்திப்பிலிருந்து நேர் கீழே இறங்கும் ஒரு நடுமரம். அந்த நடுமரம் ஏதோ தூண் என்றும் மேலே இருப்பதைத் தாங்குகிறது என்றும் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். நேர்மாறு. அதன் அடியில் ஆறுதானே இருக்கிறது, எதன் மேல் ஊன்றித் தாங்கும்? சாய்மரங்கள் இரண்டும் கரையில் ஊன்றி உச்சியைத் தாங்குகின்றன. உச்சியிலிருந்து நடுமரம் தொங்குகிறது. அதன் அடிமுனை பாலத்தளத்தின் நடுப்பகுதியைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. சாய்மரங்களுக்கு அமுக்கவிசை, நடுமரத்துக்கு இழுவிசை. கீழ்க்கிடை மரத்துக்கும் இழுவிசை, ஏனென்றால் சாய்மரங்களின் கால்கள் வெளியே சறுக்காமல் அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இந்த ஒற்றை முக்கோணம் சுமார் 30 அடி வரை போதும். அதற்கு மேல் வேண்டுமானால் முக்கோணங்களை வரிசையாகக் கோத்துக்கொண்டே போக வேண்டும். அப்போது மேலே ஒரு நீள மரம், கீழே ஒரு நீள மரம், நடுவில் சாய்மரங்களும் செங்குத்து மரங்களும் என்று ஒரு நீண்ட பக்கச் சட்டகம் உருவாகும். மேலே இருப்பதை மேல்விட்டம் என்றும் கீழே இருப்பதைக் கீழ்விட்டம் என்றும் சொல்லிக்கொள்வோம். சுமை ஏறும்போது மேல்விட்டம் நெருக்கப்படும், கீழ்விட்டம் இழுபடும்.

தச்சர்களுக்கு உண்மையான தலைவலி இழுபடும் மரம்தான். நெருக்கப்படுகிற மரத்தை இணைப்பது எளிது: முனையை முனையோடு பொருத்தி வைத்தால் சுமையே அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இழுபடுகிற இரண்டு மரங்களை இணைத்தால் அவை பிரிந்து ஓடப் பார்க்கும். 100 அடி நீளக் கீழ்விட்டத்துக்கு ஒரே மரம் கிடைக்காது, ஒட்டுப்போட்டே ஆக வேண்டும். மூடுபாலங்களின் வரலாறு பெரும்பாலும் இந்த ஒரு சிக்கலை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகத் தீர்த்த வரலாறு.

## கூரை எப்போது வந்தது

மூடுபாலம் அமெரிக்கக் கண்டுபிடிப்பு என்று நினைப்பது இன்னொரு பரவலான தவறு. சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரில் இருக்கும் கபெல்புருக்கே என்ற நடைபாலம் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதே நாட்டில் ஷாஃப்ஹவுசனில் ரைன் நதியின் மேல் ஹான்ஸ் உல்ரிக் குரூபன்மான் என்ற தச்சர் 1750-களில் கட்டிய மூடுபாலம் ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்டது. ஒரே தாவலில் ஆற்றைக் கடக்க அவர் ஆசைப்பட்டதாகவும், நகர மன்றம் நடுவிலிருந்த பழைய கல்தூணைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று வற்புறுத்தியதாகவும், தூணைத் தொட்டும் தொடாமலும் அவர் பாலத்தைக் கட்டி முடித்ததாகவும் ஒரு கதை உண்டு. 1799-ல் பின்வாங்கிய பிரெஞ்சுப் படை அதற்குத் தீ வைத்தது.

அமெரிக்காவின் முதல் மூடுபாலம் பிலடெல்பியாவில் ஸ்கூல்கில் ஆற்றின் மேல் 1805-ல் திறக்கப்பட்டது. பெயர் 'பெர்மனென்ட் பிரிட்ஜ்', நிரந்தரப் பாலம். கட்டியவர் மாசச்சூசெட்ஸ்காரரான டிமத்தி பாமர். கூரை முதல் வரைபடத்தில் இருந்ததல்ல. பாலம் கட்டிய நிறுவனத்தின் தலைவரான நீதிபதி ரிச்சர்ட் பீட்டர்ஸ் மூடுவதைப் பற்றிக் கேட்டபோது பாமர் தெளிவாகப் பதில் எழுதினார்: நன்றாக மூடினால் 30, ஒருவேளை 40 ஆண்டுகள்கூட நிற்கும். இவ்வளவு செலவழித்துக் கட்டியதை மூடாமல் விட்டு 10, 12 ஆண்டுகளில் பாழாகவிடுவது சொத்தோடு விளையாடுவது. குதிரையும் காதலும் பனியும் அந்த வாதத்தில் இல்லை, வெறும் வரவு செலவுக் கணக்கு.

பாமர் குறைத்தே மதிப்பிட்டிருந்தார். நியூயார்க் மாநிலத்தில் 1825-ல் கட்டிய ஹைட் ஹால் பாலம் இன்றும் நிற்கிறது.

## வளைவு, கிராதி, இரும்புக் கம்பி

பிறகு வந்தவர்களில் மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் பெரும்பாலான மூடுபாலங்களை அடையாளம் கண்டுவிடலாம்.

தியடோர் பர், ட்ரஸ்ஸின் இருபுறமும் ஒட்டினாற்போல் ஒரு பெரிய மர வளைவைச் சேர்த்தார். வளைவின் கால்கள் தளத்துக்கும் கீழே இறங்கிக் கரையின் கற்கட்டில் ஊன்றும். ட்ரஸ் விறைப்பைத் தருகிறது, வளைவு கூடுதல் வலுவைத் தருகிறது. 1817-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். பென்சில்வேனியாவில் 200-க்கும் மேற்பட்ட மூடுபாலங்கள் இருக்கின்றன, அமெரிக்க மாநிலங்களில் அதுவே அதிகம். அங்கே எந்தப் பாலத்துக்குள் நுழைந்தாலும் பெரும்பாலும் இந்த வளைவைத்தான் பார்ப்பீர்கள்.

இத்தியல் டவுன் தச்சர் அல்ல, கட்டடக் கலைஞர். 1820-ல் அவர் காப்புரிமை பெற்ற அமைப்பு முற்றிலும் வேறு வழியில் போனது. பழைய வீட்டுத் திண்ணையில் மரக் கிராதி பார்த்திருப்பீர்கள், பட்டைகளைச் சாய்வாகக் குறுக்கும் நெடுக்கும் வைத்து ஆணியடித்தது. அந்தக் கிராதியை 15 அடி உயரத்துக்குப் பெரிதாக்கி, பட்டைக்குப் பதில் 3 அங்குலக் கனமும் 10, 12 அங்குல அகலமும் உள்ள பலகைகளை வைத்தால் அதுதான் டவுன் கிராதி ட்ரஸ். பெரிய உத்திரங்கள் தேவையில்லை. ஒரே அளவுப் பலகைகளை ரம்ப ஆலையில் அறுத்து வாங்கி, ஒரே இடைவெளியில் துளையிட்டு, முளை எனப்படும் மர ஆணிகளை அடித்துக்கொண்டே போகலாம். மரத்தின் முனையைத் துளையில் சொருகுவதற்கேற்பக் கழுந்தாகச் செதுக்கும் நுட்பமான தச்சுவேலை கிடையாது. ஒரு அடி நீளத்துக்கு ஒரு டாலர் என்று டவுன் காப்புரிமைத் தொகை வசூலித்தார்.

அந்தக் கிராதியின் ஒரு முடிச்சை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். வலமும் இடமும் சாய்ந்த இரண்டு பலகைகள் ஒன்றின் மேல் ஒன்று கடக்கின்றன. அந்த இடத்தில் ஒன்றரை முதல் இரண்டு அங்குலப் பருமனுள்ள ஓக் முளைகள் ஊடுருவிப் போகின்றன. விட்டப்பலகைகளும் சேர்கிற முடிச்சில் மூன்று, நான்கு முளைகள்கூட இருக்கும். முளை நன்கு காய்ந்த கடினமரம். பலகை அதைவிட மென்மையான ஸ்புரூஸ் அல்லது பைன். பலகை காய்ந்து சுருங்கச் சுருங்க முளையை இறுக்கிப் பிடிக்கும். இழுவிசைச் சிக்கலுக்கு டவுன் கண்ட விடை இதுதான்: ஒரு பெரிய இணைப்பை நம்பாமல் இழுப்பை நூற்றுக்கணக்கான முளைகளுக்குப் பங்கிட்டுவிடுவது. ஒரு முளை தளர்ந்தாலும் பக்கத்து முளைகள் வாங்கிக்கொள்ளும்.

மூன்றாமவர் வில்லியம் ஹோ. 1840-ல் அவர் பெற்ற காப்புரிமை இன்னொரு வழியைக் காட்டியது. நெருக்கப்படும் சாய்மரங்களை மரமாகவே விட்டுவிட்டு, இழுபடும் செங்குத்து மரங்களுக்குப் பதில் இரும்புக் கம்பிகளைப் போட்டார். கம்பியின் முனையில் மரையும் நட்டும். மரம் காய்ந்து சுருங்கிச் சட்டகம் தளர்ந்தால் ஒரு ஸ்பேனரோடு போய் நட்டை முறுக்கினால் போதும். ரயில் பாதைகளுக்கு இது பிடித்துப்போயிற்று. ஹார்ட்லாண்ட் பாலமும் ஹோ வகைதான். செங்குத்து மரம் இரும்பானால் மற்றவையும் இரும்பாகலாமே என்ற கேள்வி தானாக எழுந்தது. 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் முழு இரும்பு, எஃகுப் பாலங்கள் பரவிவிட்டன. அமெரிக்காவில் 10,000-க்கும் மேல் கட்டப்பட்டதாகக் கணக்கிடப்படும் மூடுபாலங்களில் இன்று நிற்பவை ஆயிரத்துக்கும் குறைவு.

பர்ருக்கு வளைவு, டவுனுக்கு முளையடித்த கிராதி, ஹோவுக்கு நட்டு முறுக்கிய கம்பி. உள்ளே நுழைந்ததும் பக்கச் சுவரைப் பார்த்தால் யாருடைய வழி என்று சொல்லிவிடலாம்.

## கட்டிய முறை

ஆற்றுக்குள் கால் ஊன்றி முதலில் சாரம் கட்டுவார்கள். பாலத்தின் மொத்த எடையையும் தற்காலிகமாகத் தாங்கப்போவது அது. ட்ரஸ்ஸைப் பெரும்பாலும் கரையோர வயல்வெளியில் கிடத்தி அளவெடுத்து, அறுத்து, துளையிட்டுப் பொருத்திப் பார்ப்பார்கள். பிறகு கழற்றி எண் போட்டுச் சாரத்தின் மேல் மீண்டும் கோப்பார்கள்.

கோக்கும்போது நடுப்பகுதியைச் சில அங்குலம் உயர்த்தியே கோக்க வேண்டும். இந்த உயர்த்தலை மேல்வளைவு என்பார்கள். சாரத்தை எடுத்ததும் ஒவ்வொரு இணைப்பும் சற்று இறுகிப் பாலம் கொஞ்சம் இறங்கும். நேராகக் கட்டியிருந்தால் அது தொய்வாகிவிடும். மேல்வளைவோடு கட்டினால் இறங்கிய பிறகும் நடு சற்று உயர்ந்தே நிற்கும்.

கடைசியில் சாரத்துக்கும் பாலத்துக்கும் நடுவே உள்ள ஆப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுப்பார்கள். பாலம் தன் எடையைத் தானே சுமக்கத் தொடங்கும் நேரம் அது. நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹரி ஓடையின் மேல் 1855-ல் பழைய பிளென்ஹைம் பாலத்தைக் கட்டிய நிக்கலஸ் பவர்ஸ், சாரம் எடுக்கும்போது 'விழுந்தால் நானும் கூடவே விழுகிறேன்' என்று பாலத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டதாகச் சொல்வார்கள். நடுவில் தூணே இல்லாமல் 200 அடிக்கு மேல் தாவிய பாலம் அது. சில அங்குலம் இறங்கி அப்படியே நின்றது.

இரண்டு தூண்களுக்கோ தூணுக்கும் கரைக்குமோ இடைப்பட்ட தாவலை நம்மூரில் கண் என்போம், பதிமூன்று கண் பாலம் என்று எண்ணுவதைப் போல. நியூ ஹாம்ப்ஷயரின் கார்னிஷையும் வெர்மான்ட்டின் வின்ட்சரையும் இணைத்துக் கனெக்டிகட் ஆற்றின் மேல் நிற்பது இரண்டு கண் மூடுபாலம். மொத்த நீளம் சுமார் 137 மீட்டர். ஜேம்ஸ் டாஸ்கர், பீலா ஃபிளெச்சர் இருவரும் 1866-ல் 9,000 டாலர் செலவில் கட்டினார்கள். அதே இடத்தில் அதற்கு முன்பு இருந்த மூன்று பாலங்களை ஆறு விட்டுவைக்கவில்லை. வாசலின் மேல் ஒரு பலகை இன்றும் இருக்கிறது: குதிரையை நடத்திப் போ, இல்லாவிட்டால் இரண்டு டாலர் அபராதம். தாளம் தப்பாமல் ஓடும் குளம்புகள் சட்டகத்தை உலுக்கி முளைகளைத் தளர்த்தும் என்ற பயம்தான் அந்தப் பலகை.

## அந்தப் பழைய காரணங்கள்

பனியை எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்துக் குளிர்காலப் போக்குவரத்து சக்கரம் இல்லாத சறுக்குவண்டிகளில் நடந்தது. சறுக்குவண்டிக்குப் பனி வேண்டும், வெறும் பலகையில் இழுபடாது. அதனால் மூடுபாலத்துக்குள் பனியை மண்வெட்டியால் அள்ளிப் பரப்புவதற்கு ஊர் நிர்வாகங்கள் கூலி கொடுத்து ஆள் வைத்தன. பனியைத் தடுப்பதுதான் நோக்கம் என்றால் கூரையும் போட்டுப் பனியும் அள்ளிப் போட்டிருக்க மாட்டார்கள்.

குதிரை, மாடுகளுக்குப் பக்கச் சுவர் உதவியிருக்கலாம், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு இடுப்பளவுத் தடுப்பு போதும், கூரை எதற்கு? வாசலின் உயரமும் அகலமும் வைக்கோல் ஏற்றிய வண்டியை மனதில் வைத்துத் தீர்மானிக்கப்பட்டவை. 'முத்தப் பாலம்' என்ற செல்லப்பெயர் பாலம் வந்த பிறகு மனிதர்கள் கொடுத்தது. மழைக்கு ஒதுங்கியவர்களும், உட்சுவரில் சர்க்கஸ் விளம்பரமும் மருந்து விளம்பரமும் ஒட்டியவர்களும் அப்படித்தான், கிடைத்த கூரையைப் பயன்படுத்திக்கொண்டவர்கள்.

## சீனத்தில் கூரைக்கு இன்னொரு வேலை

சீனத்தின் ஃபூஜியான், ஜெஜியாங் மாகாண மலைகளில் மூடுபாலங்கள் நெடுங்காலமாக இருக்கின்றன. அங்கே தாங்கும் சட்டகம் பக்கத்தில் இல்லை, தளத்துக்குக் கீழே இருக்கிறது. நீளமான வளைமரம் இல்லாமல் நேரான மரத்தடிகளை மட்டும் வைத்து வளைவு அமைக்கிறார்கள். ஒரு வரிசைத் தடிகள் மூன்று முகமாக வளைந்து கரைக்குக் கரை போகும். இன்னொரு வரிசை ஐந்து முகமாக அதனூடே நுழைந்து போகும். குறுக்குக் கட்டைகளின் மேலும் கீழுமாகத் தடிகள் மாறிமாறிப் போவதால் பாய் முடைந்ததைப் போல ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும்.

முடைந்த பாய்க்கு மேலே கனம் வேண்டும், இல்லாவிட்டால் காற்றோ வெள்ளமோ கீழிருந்து தள்ளும்போது தளர்ந்துவிடும். தளத்தின் மேல் எழுப்பிய மரத்தூண் மண்டபமும் ஓட்டுக்கூரையும் அந்தக் கனத்தைத் தருகின்றன. இங்கே கூரை மழையைத் தடுப்பதோடு சட்டகத்தை அழுத்தியும் பிடிக்கிறது. வளைவின் பக்கவாட்டில் மழை சாயாமல் பாவாடை போலப் பலகைகளைத் தொங்கவிடுவார்கள். மண்டபத்தில் இருபுறமும் உட்காரப் பலகையும், பலவற்றில் ஒரு சன்னிதியும் உண்டு. இந்தப் பாலம் கட்டும் கலை அழியும் நிலையில் இருப்பதாக யுனெஸ்கோ 2009-ல் தன் அவசரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது, 2024-ல் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது.

## என்னென்ன கெடுகிறது

நெருப்புதான் முதல் எதிரி. கூரை மரத்தைக் காய்ந்தே வைத்திருக்கிறது, காய்ந்த மரம் எளிதில் எரியும். நீளமான உட்புறம் புகைபோக்கி போல வேலை செய்து தீயை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுக்கும். லூசர்ன் கபெல்புருக்கேயின் பெரும்பகுதி 1993 ஆகஸ்டில் ஒரே இரவில் எரிந்தது. கூரையின் உள்ளே முக்கோணப் பலகைகளில் தீட்டியிருந்த 17-ஆம் நூற்றாண்டு ஓவியங்களில் பெரும்பாலானவை அதோடு போயின. அடுத்த ஆண்டே பாலத்தைக் கட்டிவிட்டார்கள், ஓவியங்கள் திரும்பவில்லை. ஃபூஜியானின் வான்ஆன் பாலம் 2022 ஆகஸ்டில் எரிந்தது.

அடுத்தது வெள்ளம். மரம் மிதக்கும். தண்ணீர் தளத்தைத் தொட்டால் அடியிலிருந்து தூக்கும், பக்கச்சுவர் கப்பலின் பாய் போல ஆற்றின் தள்ளலை வாங்கிக்கொள்ளும். 2011 ஆகஸ்ட் 28-ல் ஐரீன் புயல் வெள்ளத்தில், பவர்ஸ் கட்டிய பிளென்ஹைம் பாலமும் வெர்மான்ட்டின் பார்ட்டன்ஸ்வில் பாலமும் ஒரே நாளில் போய்விட்டன. பார்ட்டன்ஸ்வில்லில் 2013-லும் பிளென்ஹைமில் 2018-லும் மூடுபாலமாகவே மறுபடி கட்டினார்கள்.

மூன்றாவது பாரவண்டி. வைக்கோல் வண்டிக்குக் கட்டிய பாலத்தில் லாரி ஏறினால் தளத்தைத் தாங்கும் குறுக்கு உத்திரங்களில் முதலில் விரிசல் விழும். உயரமான வண்டி உள்ளே நுழைந்தால் மேல்விட்டங்கள் இரண்டையும் இணைக்கிற குறுக்குச் சட்டங்களை இடித்து ஒடிக்கும். அவைதான் இரு பக்கச் சட்டகங்களும் உட்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ சாயாமல் பிடித்திருப்பவை.

இவை மூன்றும் செய்தியாகும். செய்தியாகாமல் அதிகம் அழிப்பது நான்காவது: கூரையில் ஒரு ஓட்டை. ஒரு ஓட்டுப்பலகை கழன்றால் சொட்டுகிற தண்ணீர் நேராக ஒரே இணைப்பில் ஆண்டுக்கணக்கில் விழும். முழுப் பாலமும் திடமாக இருக்க, அந்த ஒரு முடிச்சு மட்டும் இற்றுப்போய்ச் சட்டகம் அங்கே முறுக்கிக்கொள்ளும். வழக்கொழிந்த பாலத்தைக் கைவிடுகிறார்கள் என்றால் முதலில் கைவிடப்படுவது கூரைப் பராமரிப்புதான், மற்றது தானாக நடக்கும்.

பழுதுபார்ப்பதிலும் சிக்கல் உண்டு. கார்னிஷ்–வின்ட்சர் பாலம் தொய்ந்துகொண்டே வந்ததால் 1989-ல் சுமார் 44.5 லட்சம் டாலர் செலவில், மெல்லிய பலகைகளைப் பசையால் ஒட்டிச் செய்த புதிய உத்திரங்களை உள்ளே சேர்த்தார்கள். பழைய மரம் எவ்வளவு மிச்சமிருந்தால் அது பழைய பாலம் என்ற வாதம் ஒவ்வொரு சீரமைப்பிலும் எழுகிறது. எஃகு உத்திரத்தை அடியில் கொடுத்து ட்ரஸ்ஸை வெறும் அலங்காரமாக்குவதைவிட, இற்ற மரத்தை மட்டும் அகற்றி ட்ரஸ்ஸைத் தொடர்ந்து சுமக்கவிடுவதே நல்லது. சுமக்காத ட்ரஸ் தளர்வதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

## உள்ளே போனால் எதைப் பார்ப்பது

மூடுபாலத்தின் ஈர்ப்பில் பாதி அதன் தோற்றம். மீதி, ஒரு இயந்திரத்துக்குள்ளேயே நடந்துபோக முடிகிறது என்பது. எஃகுப் பாலத்தின் உறுப்புகள் கைக்கெட்டாத தொலைவில் இருக்கும். இங்கே கீழ்விட்டம் முழங்கால் உயரத்திலும், சாய்மரம் தோளுக்கு நேராகவும் இருக்கிறது. மேலே எழுதியதையெல்லாம் கையால் தொட்டுச் சரிபார்க்கலாம்.

முதலில் வாசலில் நின்று ஒரு கண்ணை மூடிக் கீழ்விட்டத்தின் நீளவாக்கில் பாருங்கள். நடு உயர்ந்திருந்தால் மேல்வளைவு இன்னும் உயிரோடு இருக்கிறது. தொய்ந்திருந்தால் எங்கோ ஒரு இணைப்பு விட்டுக்கொடுத்திருக்கிறது. பிறகு பக்கச் சுவரில் வளைவா, கிராதியா, கம்பியா என்று பாருங்கள். அடுத்து அண்ணாந்து கூரையில் வானம் தெரிகிறதா என்று தேடுங்கள். தெரிந்தால் அதற்கு நேர் கீழே இருக்கிற மரத்தில் கறை இருக்கும். முளைகளின் தலையைத் தடவிப் பாருங்கள். பலகையோடு சமமாக இருக்க வேண்டும், துருத்திக்கொண்டிருந்தால் அங்கே அசைவு இருக்கிறது.

கடைசியாக வெளியே வந்து, கீழ்விட்டத்தின் முனை கரையின் கற்கட்டில் உட்காருகிற இடத்தைக் குனிந்து பாருங்கள். வண்டிச் சக்கரங்கள் கொண்டுவரும் மண்ணும் சருகும் அங்கேதான் சேரும். சேர்ந்த மண் ஈரத்தைப் பிடித்து வைக்கும், விட்டத்தின் வெட்டுமுகம் அந்த ஈரத்தில் புதைந்திருக்கும், வேலிக்கம்பத்தின் அடியைப் போல. நல்ல தச்சர்கள் விட்டத்தை நேராகக் கல்லில் வைக்காமல், இற்றால் உருவி மாற்றுவதற்கென்றே நடுவில் ஒரு தனிக்கட்டையைக் கொடுத்திருப்பார்கள். அந்தக் கட்டை காய்ந்து, சுற்றிலும் மண் வாரிச் சுத்தமாக இருந்தால் அந்தப் பாலத்தை யாரோ துடைப்பத்தோடு வந்து பார்த்துக்கொள்கிறார்கள்.